டாக்டருக்குப் படிக்கும் பிள்ளையின் தூக்கம்

அல்ஹம்துலில்லாஹ்! நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் மருத்துவக் கல்லூரிகளிலும் நர்சிங் கல்லூரிகளிலும் படித்து வருகிறார்கள். ஒரு மஹல்லாவில் ஒரு பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்துவிட்டால் ஊரே மகிழ்கிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வரும் வாப்பாவின் கையைப் பற்றி எல்லாரும் முபாரக் சொல்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் குறை காண நாம் வரவில்லை. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பிறகு போனில் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். "பரீட்சை எப்படி?" என்று கேட்கிறோம். "தொழுதாயா?" என்று கேட்கிறோம், அது கேட்க வேண்டிய கேள்வியே. "சாப்பிட்டாயா?" என்று உம்மா கேட்பார். "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்போர் மிகச் சிலரே.

நாலரை ஆண்டுப் படிப்பு. அதன்மேல் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பணி. மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, மரியாதையோடு அடக்கம் செய்வதையே பார்த்து வளர்ந்த பிள்ளை, முதலாண்டிலேயே ஃபார்மலின் நெடியடிக்கும் உடலின் முன்னால் கத்தியோடு நிற்க வேண்டியிருக்கிறது. அன்றிரவு மெஸ்ஸில் சோறு இறங்குவதில்லை. பிறகு வார்டு, கண்ணெதிரே உயிர் பிரியும் முதல் நோயாளி, வாசலில் அவருடைய மனைவியின் அழுகை. இதையெல்லாம் வீட்டில் சொல்ல மனம் வராமல் "நல்லா இருக்கேன் வாப்பா" என்று பிள்ளை சொல்லிவிடுகிறது. நாமும் திருப்தியோடு போனை வைத்து விடுகிறோம்.

"எங்கள் பையன் இரண்டு நாளாகக் கண்ணையே மூடவில்லை, அப்படிப் படிக்கிறான்" என்று கல்யாண வீடுகளில் பெருமை பேசும் பெற்றோர் உண்டு. இந்தப் பெருமையைத்தான் மார்க்கத்தின் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 1997-ல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியிட்டார்கள். அவர்களை ஒருமுறை தூங்கவிடாமல் வைத்தார்கள். இன்னொரு முறை மது கொடுத்தார்கள். இரண்டு நிலையிலும் கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் தடுமாற்றத்திற்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது ஏறத்தாழ 0.10 சதவீதத்திற்குச் சமமாகிவிட்டது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.03 சதவீதம்தான்!

ஒரு சொட்டு மதுவும் ஹராம் என்று உறுதியாக நிற்கும் உம்மத் நாம். தூக்கமின்மையும் ஹராம் என்று ஃபத்வா கொடுக்க நாம் முன்வரவில்லை. அது நம் வேலையுமல்ல. ஆனால் இரண்டும் அறிவுக்குச் செய்வது ஒன்றே என்பதைக் கவனியுங்கள். மது முற்றாகத் தடுக்கப்படுவதற்கு முன்னர், தாம் சொல்வது இன்னதென்று அறியும் வரையில் போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்ற கட்டளை அன்னிஸா அத்தியாயத்தில் இறங்கியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றில், தொழும்போது தூக்கம் மேலிட்டால் அது தெளியும் வரை படுத்துறங்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். அதற்கு அவர்கள் கூறிய காரணம்தான் கவனிக்கத்தக்கது: தூக்கக் கலக்கத்தில் பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, ஒருவர் தம்மைத் தாமே ஏசிக்கொண்டுவிடக்கூடும்! தொழுகையில் நாவு தவறுவதற்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடும் கையைப் பற்றி என்ன சொல்வது?

அபுத்தர்தா (ரலி) அவர்களின் வரலாறு நம்மவர் பலருக்கும் தெரியும். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. அவர்களைக் காண வந்த ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள், அழுக்கடைந்த உடையோடு நின்ற அவர்களின் மனைவியைப் பார்த்ததுமே விஷயத்தை உணர்ந்துகொண்டார்கள். உணவு வந்தபோது, நீங்கள் உண்ணாமல் நானும் உண்ணமாட்டேன் என்று சொல்லி அவர்களை உண்ண வைத்தார்கள். இரவில் அவர்கள் எழ எழ, படுங்கள் என்று படுக்க வைத்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உங்கள் உடலுக்கும், குடும்பத்தாருக்கும் தனித்தனி ஹக்கு உண்டு; அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடுங்கள் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றபோது, ஸல்மான் சொன்னது உண்மையே என்று ஏற்றுக்கொண்டார்கள். வணக்கத்திற்கே உடலின் ஹக்கைப் பறிக்க அனுமதியில்லை. ரேங்க்கிற்காகப் பறிக்க அனுமதி எங்கிருந்து வந்தது?

'ஓர் உயிரைக் காப்பது மனித இனத்தையே காப்பது போலாகும் என்கிறதே திருமறை. அதற்காகத் தூக்கத்தைத் தியாகம் செய்தால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அந்தத் தியாகத்தால் உயிர் காக்கப்படுகிறதா? 1984-ல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்து போனாள். நீண்ட நேரப் பணியில் பல நோயாளிகளைக் கவனித்து வந்த பயிற்சி டாக்டர்களின் பொறுப்பில் அவள் இருந்தாள். தந்தை ஓயாது போராடினார். அதன் விளைவாக 1989-ல் அந்த மாநிலத்தில் பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்தில் 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்ற உச்ச வரம்பு வந்தது. 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பழைய முறைப்படி நீண்ட நேரம் வேலை பார்த்த பயிற்சி டாக்டர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமான பெருந்தவறுகளைச் செய்தது தெரிய வந்தது.

டூட்டி அட்டவணையைப் போடுவது மாணவர் அல்லர் என்பதை நாம் அறிவோம். ஆகவே நம்மில் மருத்துவமனைகளையும் கல்லூரிகளையும் நடத்தும் செல்வந்தர்களுக்கும் டிரஸ்டிகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கீழ் வேலை செய்வோர் மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள் என்ற நபிமொழி உங்களையும் நோக்கியதே. பள்ளிவாசலுக்குக் கம்பளம் வாங்கிக் கொடுக்கும் கை, நைட் டூட்டி நர்சுகள் சாய்ந்துகொள்ள ஓர் அறையும் கட்டிக்கொடுக்கட்டும்.

உடலைப் போலவே உள்ளமும் நோய்வாய்ப்படும். இந்திய தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கைக்காக 25,590 இளநிலை மருத்துவ மாணவர்களிடம் கேட்கப்பட்டது, அவர்களில் 27.8 சதவீதத்தினர் மனநலக் குறைபாடு இருப்பதாகத் தெரிவித்தார்கள். நாலு பேரில் ஒருவருக்கு மேல்! 2016-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதே அளவில் மனச்சோர்வைக் கண்டார்கள். அப்படிச் சோர்ந்தவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்களோ சுமார் 16 சதவீதம்தான். நோயைப் பற்றிப் படிப்பவரே தம் நோயை மறைக்கிறார்!

ஏன் மறைக்கிறார்? நாம் என்ன சொல்வோம் என்று அவருக்குத் தெரியும். "ஈமான் குறைந்துவிட்டது" என்போம். "கண்ணேறு" என்போம். பெண் பிள்ளையானால் "வெளியில் தெரிந்தால் நிக்காஹ் தடைப்படும்" என்போம். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ஈமானைவிட நம் ஈமான் பெரிதா? பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் தலைமை ஆசிரியராய் வீற்றிருந்த அவர்களுக்கு ஹிஜ்ரி 488-ல் (கி.பி. 1095) நாவு எழவில்லை; பாடம் நடத்த இயலவில்லை; உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்திலிருந்து புறப்பட்டு உடலைப் பற்றிய நோய் என்றார்கள். இதை இமாமவர்களே தம் நூலில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அருமை மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதாகத் திருமறையே கூறுகிறது. துக்கம் ஒரு குற்றமானால் நபிமார்களுக்கு அது வந்திருக்குமா?

துஆச் செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். பெருமானார் (ஸல்) அவர்களே கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். அதோடு மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் மருந்தில்லாத நோயை இறக்கவில்லை என்பது உள்ளத்து நோய்க்கும் பொருந்தும். பிள்ளை சரியாக உண்ணாமல், உறங்காமல், பேச்சைக் குறைத்து இரண்டு வாரம் கழிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற சொல் அதன் வாயிலிருந்து வந்தால் அடுத்த வண்டியிலேயே புறப்படுங்கள். நீங்கள் போய்ச் சேரும் வரை தனியே விடாமல் ஒரு நண்பரை உடனிருக்கச் சொல்லுங்கள். 14416 என்ற அரசாங்க டெலிமானஸ் எண்ணில் இரவிலும் பகலிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நர்சிங் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தனி வேதனை ஒன்றுண்டு. வேலையின் பளுவை அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். "நர்ஸ்தானே" என்னும் நம் நாவைத்தான் தாங்க முடிவதில்லை. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயம்பட்டவர்களுக்கு அங்கே பணிவிடை செய்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி.

இன்னும் சில: வார்டுக்குள் நுழையுமுன் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, அதாவது ஹெபடைடிஸ் பி, மூன்று தவணையும் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள்; முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மற்றவை. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோயாளிகளிடையே நடமாடும் பிள்ளைகள் அவர்கள். நீண்ட அறுவை சிகிச்சையின்போது தொழுகை நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைத் தம் மத்ஹபு ஆலிமிடம் முன்கூட்டியே அவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். ரமலானில் ஹாஸ்டலில் ஸஹர் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையேல் பக்கத்து மஹல்லாவில் ஒரு வீட்டாரிடம் சொல்லி ஏற்பாடு செய்யலாம், நன்மைக்கு நன்மை.

நைட் டூட்டி முடிந்த காலையில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வரச் சொல்லாதீர்கள். 24 மணி நேரத்திற்கு மேற்பட்ட பணிக்குப் பின் வண்டியோட்டிய பயிற்சி டாக்டர்களுக்கு விபத்து நேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலானது என்று 2005-ல் கண்டறிந்திருக்கிறார்கள். பெருநாளானாலும் சரி, மச்சான் கல்யாணமானாலும் சரி, பஸ்ஸில் வரட்டும். வந்ததும் முதலில் தூங்கட்டும், விருந்தாளிகள் காத்திருப்பார்கள்.