பெட்டகத்தில் இருப்பது யார் பணம்?

பேய் உண்டா, இல்லையா என்னும் வாதத்திற்கு இங்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ‘தி வால்ட்’ என்னும் பேய்ப்படம் வேறொரு கேள்வியை நம்முன் வைக்கிறது. வாணிபம் செய்வோர் ஒவ்வொருவரும் சற்றே நின்று எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி அது. உடன்பிறந்தானின் துயர் தீர்ப்பதற்காகப் பிறர் பொருளில் கை வைக்கலாமா?

டேன் புஷ் இயக்கிய அப்படத்தின் கதை சுருக்கமானது. கடனில் சிக்கிய சகோதரனை மீட்பதற்காக இரு சகோதரிகள் ஒரு பேங்கைக் கொள்ளையிடப் புகுகின்றனர். எதிர்பார்த்த தொகை அவர்கள் கைக்கு அகப்படவில்லை. அவ்வேளையில் பேங்கின் துணை நிர்வாகி, கீழ்த்தளத்தில் பழைய பெட்டகம் ஒன்று உண்டென்றும், அதனுள் 60 லட்சம் டாலர் இருக்கிறதென்றும் கூறுகிறார். ஜேம்ஸ் பிராங்கோ ஏற்றுள்ள வேடம் அது. கீழே இறங்கியவர்களை எதிர்கொள்வது பணம் மட்டுமன்று. கதைப்படி, 1982இல் அதே பேங்கில் நடந்த கொள்ளையின்போது பிணையாகப் பிடிபட்டு மாண்டவர்களும் அங்கே இருக்கின்றனர். வழிகாட்டிய துணை நிர்வாகியும் அன்றே இறந்துபோனவர்தாம் என்பது முடிவில் தெரியவருகிறது.

கொள்ளைக் கதைக்கும் பேய்க்கதைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நெருங்கிய உறவு உண்டு. கொள்ளைப் படங்களில் பணத்துக்கு உடையவன் கிடையாது. திட்டம் பலிக்குமா என்பதிலேயே பார்ப்போர் மனம் நிற்கும். அப்பணத்தைப் போட்டு வைத்தவன் திரையில் தலைகாட்டுவதே இல்லை. பேய்க்கதையோ இதற்கு நேர்மாறானது. அநீதி இழைக்கப்பட்டவன் செத்தாலும் அதிலே விடமாட்டான். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடும்போது, உடையவன் இல்லாத பணத்துக்கு உடையவன் எழுந்து வந்து விடுகிறான். படத்தின் அச்சம் அங்கே பிறக்கிறது.

“பேங்குப் பணந்தானே! யாருக்கு நஷ்டம்? இன்சூரன்ஸ் கொடுத்துவிடும்” என்பார் உளர். அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வைப்புத்தொகைக் காப்புறுதி, இன்று ஒரு பேங்கில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை பாதுகாப்பளிக்கிறது. ஆனால் அது பேங்கு முறிந்துபோனால் கிடைப்பது, கொள்ளைக்காக ஏற்பட்டதன்று. கொள்ளைக்குப் பேங்கு தனியே காப்புறுதி எடுத்துக்கொள்கிறது. அதற்குரிய பிரிமியம் பேங்கின் செலவுக் கணக்கில் ஏறுகிறது. அச்செலவு கடைசியில் வந்து சேருவது பணம் போட்டவர் தலையிலும், கடன் வாங்கியவர் தலையிலுந்தான். நோட்டுக்கட்டில் யார் பெயரும் இராது, பேரேட்டில் இருக்கிறது.

நிற்க. அச்சகோதரிகளை எளிதில் இகழ்ந்துவிட நமக்கு மனம் வராது. சுகபோகத்துக்காகத் திருடியிருந்தால் கேள்வியே எழாது. பாசத்துக்காகச் செய்ததால் அன்றோ மனம் தடுமாறுகிறது? பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் பெரியோர் பழிக்கும் செயலில் இறங்காதே என்று வள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில் கூறியிருக்கிறார். இத்துணைக் கடுமை எதற்கு? தன் நகையை விற்றுத் தம்பியை மீட்பவள் தியாகம் செய்கிறாள். பிறன் பெட்டியை உடைத்து மீட்பவளோ, தன் பாசத்துக்குரிய விலையை முன்பின் அறியாத ஒருவன் தலையில் கட்டுகிறாள். அவனிடம் சம்மதம் கேட்டவர் யார்? அவனுக்கும் ஒரு தம்பி இருக்கலாம் அல்லவா?

விற்பதற்கு ஏதும் இல்லை, கேட்பதற்கும் ஆள் இல்லை, உயிர் போகும் தறுவாய் என்றால் என் செய்வது? பணத்தினும் உயிர் பெரிது என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அவசரத்தில் எடுத்தால், எடுத்த அந்நொடியே எடுத்தவன் கடனாளி ஆகிறான். முகத்தைக் காட்டி, எடுத்தேன், தருவேன் என்று சொல்லக் கடமைப்பட்டவன் அவன். கொள்ளையனோ முகத்தை மூடிக்கொள்கிறான். கடனாளிக்கும் கள்வனுக்கும் உள்ள வேற்றுமை அந்த முகமூடியில் இருக்கிறது.

நம் கடைகளில் துப்பாக்கியும் முகமூடியும் இல்லை. எனினும் இக்கேள்வி நம் கல்லாப்பெட்டிக்கு மிக அருகில் நிற்கிறது. ஊரிலிருந்து வந்த சிப்பந்திகள் சம்பளத்தைக் கையில் வாங்காமல் முதலாளியிடமே அமானிதமாக விட்டுவைப்பது நம்மவரிடையே நெடுநாள் வழக்கமாயிருந்தது. அத்தொகை பேரேட்டில் வரவாக ஏறும். ஊருக்குப் புறப்படும் நாளில் கணக்குத் தீர்க்கப்படும். காசு என்னவோ கடைக்காசுடன் கலந்து ஒரே பெட்டியில் கிடக்கும். பங்காளியின் முதலும், சீட்டுப் பிடித்த பணமும் இன்றும் அவ்வாறே கலந்து கிடப்பதுண்டு. தம்பிக்கு ஒரு நெருக்கடி வருகிறது. பெருநாளுக்குள் வைத்துவிடலாம் என்று கை நீளுகிறது. சொன்னபடியே வைத்தும் விடுகிறோம் என்று கொள்வோம். எவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. பின் குற்றம் எங்கே?

இடைப்பட்ட நாட்களில் இருக்கிறது குற்றம். அந்நாட்களில் வாணிபம் சரிந்திருந்தால், ஊரில் ஒரு சிப்பந்தியின் மகளுக்கு நிச்சயித்த நிக்காஹ் நின்றிருக்கும். அந்த அபாயத்தை அவன் அறியாமலே அவன் தோளில் ஏற்றினோம். அது இறங்கிவிட்டது நம் நல்வாய்ப்பே அன்றி நம் நேர்மை ஆகாது. “தம்பிக்குத் தேவைப்படுகிறது, தரலாமா?” என்று அவனிடமே கேட்டிருந்தால், பெரும்பாலும் “எடுத்துக்கொள்ளுங்கள், முதலாளி” என்றே சொல்லியிருப்பான். மறுத்திருந்தால், மறுக்கும் உரிமையும் அவனுடையதே. அதே பெட்டி, அதே தொகை. ஒரு சொல் கேட்டமையால் அது கடனாகிறது, கேளாமையால் களவாகிறது.

ஆகவே, வணிகச் சகோதரர்களே! உடன்பிறந்தாருக்கு உதவுவோம், தாராளமாக உதவுவோம். நம்முடையதைக் கொடுத்து உதவுவோம். பிறருடையது தேவைப்படின் கேட்டு எடுப்போம். நம் பெயரில் பற்று எழுதி எடுப்போம். குறித்த நாளில் திருப்பி வைப்போம்.