பூஜ்யத்தில் நிற்கும் முள்

மலைமேல் கடல்மீன் வளர்ப்பவனைப் பார்த்து எங்கள் லயத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, சுற்றிலும் தேயிலை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரம். என் கண்ணாடித் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் கொஞ்சம் பவளமும் இருக்கின்றன. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீன் முன்னே பின்னே தாங்கும். பவளம் அவ்வளவு தாங்காது.

முதலில் கண்ணாடி மிதவையால்தான் அளந்தேன். அது 25 டிகிரி தண்ணீருக்காகச் செய்தது. தொட்டியில் ஹீட்டர் உண்டு, சரி. ஆனால் குவளையில் மொண்டு வைத்த நீர் எங்கள் ஊர்க் குளிரில் 18 டிகிரிக்கு இறங்கிவிடும். குளிர்ந்த நீருக்கு அடர்த்தி கூடும், மிதவை சற்று உயர்ந்து நிற்கும். 35 என்று காட்டும்போது உண்மையில் இருப்பது 32 அரைதான். ஒரு மாதம் பவளம் சுருங்கியே கிடந்தது.

அப்புறம் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். ஒரு சொட்டு வடிநீர் விட்டு, திருகாணியைத் திருப்பி, கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். இனி கவலையில்லை என்று நினைத்தேன். பிறகு ஈப்போவிலிருந்து 35 என்று முத்திரையிட்ட நியம நீர் ஒரு புட்டி வந்தது. அதை விட்டுப் பார்த்தால் கருவி 36 அரை காட்டுகிறது. விலை மலிந்த கருவிகள் பலவற்றின் அளவுகோல் சாதா சமையல் உப்புக் கரைசலுக்குப் போட்டது. கடல்நீரில் மக்னீசியமும் சல்பேட்டும் கால்சியமும் கலந்திருப்பதால் அது ஒளியை வேறு அளவில் வளைக்கிறது. வடிநீரில் எந்த உப்பும் இல்லை, ஆகவே அங்கே தப்பும் தெரியாது. உப்பு ஏற ஏறத்தான் தப்பும் ஏறும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். "கிராணியும் இப்படித்தான்டா காட்டுவாரு."

அம்மா முன்பு வேலை செய்த தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிராணி வெறும் தராசைக் காட்டுவாராம். "பாத்துக்கோ, முள்ளு சைபர்ல நிக்குது." நின்றது உண்மைதான். பிறகு கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிவு. மிச்சமிருக்கும் கால், அரை கணக்கில் ஏறாது. ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை, கடையில் வாங்கிய, தையல் பிரிக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டையை அதே கொக்கியில் மாட்டினார். முள் ஒன்பதரையைத் தாண்டவில்லை. வரிசையில் யாரும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அத்தைக்கு மலையின் கடைசி நிரை.

நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமையாக்கினார். அது தட்டுத் தராசு. ஒரு தட்டில் பண்டம், மறு தட்டில் எடைக்கல். கிராணியின் சுருள்வில் தராசுக்கு மறு தட்டே கிடையாது. அத்தை கொண்டுவந்தது அந்த மறு தட்டைத்தான். சுமை ஏறாத இடத்தில் எல்லாருமே நடுநிலையாளர்கள். நானும்தான். ஃபேஸ்புக்கில் எனக்குச் சம்பந்தமில்லாத சண்டைகளில் நான் எவ்வளவு நியாயவான் தெரியுமா!

ஒரு நண்பன் மறித்தான்: "எல்லா அளவும் மனுசன் வெச்சதுதானே? அப்ப கிராணி தராசும் ஒரு ஒப்பந்தம்தான்." பாதி சரி. கடலின் உப்புக்கே 1978இல் வகுத்த அளவுமுறை ஓர் ஒப்பந்தம். ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு. 15 டிகிரியில் அதே அளவு மின்சாரத்தைக் கடத்தும் கடல்நீருக்கு 35 என்று பெயர். கடலை அளக்கவும் மனிதன் கரைத்த ஒரு புட்டி வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் செய்முறை ஊரறிந்தது. சந்தேகம் வந்தால் எந்த ஆய்வுக்கூடமும் கரைத்துப் பார்க்கலாம், யாரும் கடைசி நிரைக்கு அனுப்பமாட்டார்கள். கிராணியின் கொக்கியை மற்றவர் தொடக் கூடாது. எனக்குத் தெரிந்து ஒப்பந்தத்துக்கும் ஏமாற்றுக்கும் நடுவே உள்ள வேலி அவ்வளவுதான்.

இப்போது திருகாணியைப் பூஜ்யத்தில் திருப்புவதில்லை. நியம நீர் விட்டு 35இல் நிறுத்துகிறேன். வடிநீரில் கோடு கொஞ்சம் கீழே தள்ளி நிற்கிறது. நிற்கட்டும்.

போன வாரம் புட்டியைத் திறந்துகொண்டே அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு அத்தை சொன்னதை நம்பவில்லையா என்று.

"நம்பாம என்ன? முள்ளத்தான் கண்ணால பாத்தேனே." கொஞ்ச நேரம் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு அடுத்த கூடை என்னோடதுடா."