கேட்டறிந்து செய்வதே தொண்டு

 

பெற்றோரைத் தெய்வமாகப் போற்ற வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலர் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். எப்படிப் போற்றுவது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் புக்கிட் மேரா முதியோர் நிறைந்த பழைய பேட்டை. 2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. 1995-இலேயே நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத, 60 வயதை எட்டிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். நல்ல சட்டம்தான். ஆனால் மாதாமாதம் பணம் கொடு என்று ஒரு மகனுக்கு ஆணையிடலாமே தவிர, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பேசு என்று ஆணையிட முடியுமா? அது உள்ளத்திலிருந்து வர வேண்டும். அந்த உள்ளத்தைப் பண்படுத்தத்தான் சமயம் இருக்கிறது.

பண்டரிபுரத்துப் புண்டலீகனை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பெற்றவர்களை வதைத்தவன், மனம் திருந்தி அவர்களுக்கே அடிமையானான். பகவான் பாண்டுரங்கனே வாசலில் வந்து நின்றபோது, அவன் பெற்றோரின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டு, “இதன்மேல் நில்லுங்கள், வருகிறேன்” என்றான். பாண்டுரங்கன் கோபிக்கவில்லை, இடுப்பில் கைவைத்துக் காத்து நின்றான். பெற்றோருக்குச் செய்யும் பணி முடியும்வரை தெய்வம் காத்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

புண்டலீகனுக்குத் தன் பெற்றோருக்கு அந்த வேளையில் என்ன தேவை என்று தெரிந்திருந்தது. நமக்குத் தெரிகிறதா? ஒரு வீட்டில் அம்மா பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிடுகிறார். பசியில்லை போலிருக்கிறது என்று மகன் விலை உயர்ந்த சத்துமாவு டின்னை வாங்கி அடுக்குகிறான். உண்மையில் பல்செட் ஈறைக் கீறுகிறது, மென்றால் வலிக்கிறது. பிள்ளைக்கு எதற்குத் தொந்தரவு என்று அவர் வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அன்பு இருந்தது, விசாரிப்பு இல்லை.

இந்த விசாரிப்பையே தொண்டாக ஏற்றது, தியோங் பாருவில் நாம் அறிந்த சாவ் அறநிறுவனம். 1993-இல் அதைத் தொடங்கியவர், எண்பது வயதைக் கடந்த சாவ் இங் யூ ஷுன் என்ற மூதாட்டி. முன்னின்று நடத்தியவர் அவருடைய பேத்தி, மருத்துவர் மேரி ஆன் சாவ். வெளியே வர முடியாத முதியவர்களின் வீட்டுக்கே மருத்துவரும் தாதியும் சென்றார்கள். முதுமையை ஆராயவும் ஒரு மையம் அமைத்தார்கள். பாட்டியின் எண்ணத்தைப் பேத்தி தலைமேற்கொண்டாரே, அதுவே ஒரு குடும்ப தர்மம் அல்லவா? அவர்கள் நம் சமயத்தவராக இல்லாவிட்டால் என்ன? அறம் எல்லார்க்கும் பொது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லறத்தான் பேண வேண்டியவர்கள் என்று முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரைச் சொன்ன வள்ளுவர், ஐந்தாவதாகத் தன்னையும் சேர்த்தார். படுக்கையில் இருக்கும் மாமியாரை இரவும் பகலும் ஒரு மருமகள் ஒற்றையாளாகக் கவனிக்கிறாள். அவள் முதுகு ஒடிந்தால் யார் பொறுப்பு? அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, ஞாயிற்றுக்கிழமையையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் தூங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும். அவளுக்கு ஓய்வு கொடுப்பதும் பெற்றோருக்குச் செய்யும் பூசைதான்.

டெப்போ ரோட்டில் குடிகொண்டிருக்கும் ருத்ர காளியம்மன், அந்நாளில் செங்கல் ஆலைத் தொழிலாளர்கள் கும்பிட்ட தாய். அவள் சந்நிதியில் நின்று என் குறையைத் தீர் அம்மா என்று கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும், பெற்ற தாயிடம் “உனக்கு என்ன குறை அம்மா?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கைப்பேசியைத் தொடாதீர்கள். கேட்டதை நாளைக்கே செய்யுங்கள். உங்கள் குடும்பங்கள் தழைக்க அம்பிகை அருள்புரிவாளாக!