குகையில் உறங்கியவர்கள்

பாலாற்றங்கரை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் முஸ்லிம் வீடுகளில் வெள்ளிக்கிழமைதோறும் திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான அல்கஹ்ஃபை ஓதும் வழக்கம் உண்டு. அதில், இறை நம்பிக்கையைக் கைவிட மறுத்த இளைஞர்கள் சிலர் ஒரு குகையில் ஒதுங்கி உறங்கிப்போகிறார்கள். கூடவே ஒரு நாயும். விழித்ததும், எவ்வளவு நேரம் தூங்கியிருப்போம் என்று ஒருவர் கேட்கிறார். ஒரு நாள், இல்லை அதற்கும் குறைவு என்கிறார்கள் மற்றவர்கள். கடந்து போயிருந்தவை 309 ஆண்டுகள்.

1928 ஆகஸ்டில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அமெரிக்க மலிவுவிலை அறிவியல் புனைகதை இதழில் பிலிப் பிரான்சிஸ் நோலன் ஒரு கதை எழுதினார். பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கம். அங்கே கதிரியக்க வாயுவில் மயங்கி விழும் அந்தோணி ரோஜர்ஸ் 492 ஆண்டுகள் கழித்து, 2419இல் எழுகிறான். அடுத்த ஆண்டே அவன் பக் ரோஜர்ஸ் என்ற பெயரில் செய்தித்தாள் படக்கதைக்கு வந்துவிட்டான். அன்றைய மலிவு இதழ்களில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. அவன் பெயர் மறையவில்லை.

வாயுவையும் கதிர்வீச்சையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது பழைய குகைதான். அதே குகைக் கதையை எபேசு நகரத்து ஏழு உறக்கத்தார் கதையாகச் சிரியாக் கிறிஸ்தவர்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடினார்கள். பாகவதத்தில் முசுகுந்தன் இருக்கிறான். தேவர்களுக்காகப் போரிட்டுக் களைத்து, உறக்கத்தையே வரமாகக் கேட்டவன். குகையை விட்டு வெளியே வந்தவன் கண்ணுக்கு மனிதரும் விலங்கும் மரமும் குறுகிப்போனதாகத் தெரிய, கலி பிறந்துவிட்டதென்று புரிந்துகொள்கிறான். பாலாற்றங்கரையின் மூன்று சமயத்தாரிடமும் இந்த உறங்கியவன் இருக்கிறான் என்பது சாதாரண விஷயமல்ல.

குர்ஆன் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. உறங்குபவர்களை இறைவன் வலமும் இடமுமாகப் புரட்டுகிறான். புரட்டாவிட்டால் மண் அவர்கள் உடலைத் தின்றிருக்கும் என்று விளக்கவுரைகள் சொல்கின்றன. ஆவாரம்பட்டைத் தொட்டியில் தோலைப் புரட்டிப் புரட்டிப் போட்டு வளர்ந்த பாலாற்றங்கரை ஊர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அழுகலை நிறுத்துவதுதானே பதனிடும் தொழில்?

உடல் கெடாமல் இருந்தால் போதுமா? தன் காலம் போய்விட்ட மனிதன் அதே மனிதன்தானா? சமயங்கள் இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் வைத்திருக்கின்றன. குகைவாசிகள் மறுமைக்குச் சாட்சி: இறந்தோர் எழுவது உண்மை என்று ஊருக்குக் காட்டிவிட்டு அவர்கள் மறைகிறார்கள். முசுகுந்தன் தவம் செய்ய வடக்கே போய்விடுகிறான். புதிய காலத்தில் இவர்களில் யாரும் வீடு கட்டுவதில்லை.

ரோஜர்ஸ் கட்டுகிறான். 2419இன் மக்களோடு சேர்ந்து போரிடுகிறான், வில்மா என்ற பெண்ணை மணக்கிறான். அந்நியமான காலத்திலும் ஒருவன் வேர்விடலாம் என்ற இந்தத் துணிச்சல்தான் மலிவு இதழ்க் கதைகளின் ஈர்ப்பு. வெறும் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குவது நியாயமில்லை. மிகப் பழைய கேள்வி ஒன்றுக்கு இம்மையின் பக்கமிருந்து சொன்ன விடை இது.

விடையில் குறையும் இருக்கிறது. எதிரிகள் மஞ்சள் இனத்தவர் என்ற அக்கால வெறுப்பு அந்தக் கதையில் அப்பட்டமாகவே கிடக்கிறது. இழந்த தாய்க்காகவும் நண்பருக்காகவும் ஊருக்காகவும் ரோஜர்ஸ் அழுவதற்கு நோலன் போதிய பக்கமும் தரவில்லை. துப்பாக்கி வெடிக்க வேண்டிய அவசரம்.

1950இல் ஆம்பூரில் கண்ணயர்ந்த தோல் தொழிலாளி ஒருவர் இன்று விழித்தால், பட்டைத் தொட்டிகளைத் தேடிப்போய்க் குரோம் உருளைகளையும் காலணி ஆலைகளையும்தான் காண்பார். 1996இல் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் தந்த தீர்ப்பை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கூலிக்காக மறுநாளும் அவர் வேலைக்குப் போவார். ஆனால் முதலில் ஆற்றைப் பற்றித்தான் கேட்பார். அந்தக் கேள்வியை விட்டுவிடாமல் எழுதும் சாகசக் கதைக்குத் தமிழில் நிறைய இடம் காத்திருக்கிறது.