மன்பதை தன்னைத் தான் அழித்துக்கொள்ளுதல் ஊழோ?

மக்களினம் தன் கையாலேயே தான் அழிந்துபடும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டதொரு முடிபோ என்னும் வினா இக்காலத்து அறிஞர் பலரால் எழுப்பப்படுகின்றது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9-ஆம் நாள் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்த பின்னர், இவ்வினா வெறுங் கற்பனையென ஒதுக்கற்பாலதன்றாயிற்று. நம்மவருள்ளும் சிலர், "எல்லாம் ஊழ், கலியின் முடிவு இதுவே, நாம் செய்யக் கிடப்பது யாதுமில்லை" என்றுரைத்து அமைகின்றனர். சைவ நூற்பயிற்சி உடையாரும் இங்ஙனங் கூறக் கேட்டலின், அக்கூற்றுச் சித்தாந்தத்தோடு இயையுமா என ஆராய்தல் நம் கடனாயிற்று.

முதற்கண், இறைவன் செய்யும் சங்காரமும் மக்கள் செய்யும் அழிவும் ஒன்றல்ல என்று தெளிதல் வேண்டும். உலகு தோன்றி நின்று ஒடுங்குவதென்றும், ஒடுக்கியவனே மீளத் தோற்றுவிப்பவன் என்றும் சிவஞானபோத முதற் சூத்திரம் நிறுவுகின்றது. அவ்வொடுக்கம் பிறந்திறந்து எய்த்த உயிர்கள் இளைப்பாறுதற்பொருட்டு நிகழும் அருட்செயல். மக்கள் மக்களைக் கொல்லுதலும், உண்ணுநீரை நஞ்சாக்குதலும் ஆணவத்தின் செயல்கள். இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுதல், தாய் தன் மகவைத் துயிற்றுதலையும் பகைவன் அதன் கழுத்தை நெரித்தலையும் ஒன்றெனக் கூறுதல் போலும்.

இனி, ஊழாவது யாது? முற்பிறப்புக்களில் ஈட்டிய வினையுள் இப்பிறப்பின் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். எஞ்சிக் கிடப்பது சஞ்சிதம். நுகருங்கால் புதிதாகச் செய்யப்படுவது ஆகாமியம். ஆகவே ஊழ் என்பது உயிர்கள் தாமே செய்த வினையின் பயனேயன்றி, புறத்தேயிருந்து எவரோ எழுதி விடுத்த ஓலையன்று. "அழிவு ஊழ்" என்பார் வந்த வினையை மட்டும் எண்ணி, இன்று தாம் செய்துகொண்டிருக்கும் வினையை மறந்தாராவர்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உக்கடத்துப் பெரியகுளத்தை நிறைக்கும் நொய்யல் யாறே சான்றாகும். வெள்ளியங்கிரி மலைச்சாரலிற் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியிற் கலக்கும் இதனைக் கச்சியப்ப முனிவரது பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி எனப் போற்றும். பிறவாப்புளியும் இறவாப்பனையும் உடையதெனப் புகழப்பெறும் பேரூர்த் தலத்தைத் தீண்டிச் செல்லும் இவ்யாறு, நம் கண்முன்னரே இறக்கலாயிற்று. 1992-ஆம் ஆண்டு சென்னிமலைக்கு அணித்தாக ஒரத்துப்பாளையத்தில் இதன் குறுக்கே பாசனத்திற்கென அணை கட்டினர். அவ்வணையிலோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கிற்று. நீர் உப்பேறி உழவுக்கு உதவாதொழிந்தது, கிணறுகளும் கெட்டன. அணையில் நீர் வேண்டுமென்று இரத்தற்குரிய உழவரே, அந்நீர் தேங்கலாகாதென்று முறையிடுவாராயினர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். நஞ்சு விட்டார் ஒருவர், நுகர்ந்தார் வேறொருவர். நுகர்ந்த உழவர்க்கு அது பிராரத்தம் என அமையலாகாதோ எனின், அமையலாகாது. நுகர்ச்சி அவர்தம் முன்வினையான் வந்ததே யாயினும், அதற்குக் கருவியாய் நின்றார்க்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறுதல் தப்பாது. கண்டும் வாளாவிருந்தாரும் அதன் பங்கினின்று நீங்கார். ஊழ் என்னுஞ் சொல் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதற்கு உரியதன்று.

உழவர் வாளாவிருந்திலர், உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாது தூய்மை செய்து மீளப் பயன்படுத்தாத பட்டறைகளை மூடுகவென 2011-ஆம் ஆண்டு சனவரியில் ஆணை பிறந்தது. பின்னர் அம்முறையைக் கைக்கொண்ட பட்டறைகளே மீண்டும் இயங்கலாயின. உக்கடத்திலும் 2013-ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டு கிடந்த பெரியகுளத்தைப் பொதுமக்கள் கூடித் தூர்வாரினர். நோய் முற்றும் தீர்ந்ததென்பேம் அல்லேம். நகரக் கழிவுநீர் இன்றும் ஆற்றிற் கலக்கின்றது. எனினும் கெடுத்ததும் வினை, ஓரளவு திருத்தியதும் வினை என்பது இதனாற் பெறப்பட்டது. உலகளவினும் இஃதொக்கும். ஓசோன் படலத்தைச் சிதைத்த வளிகளை விலக்குதற்கு 1987-இல் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் உடன்பட்டன. அப்படலம் இப்பொழுது மெல்ல மெல்லத் தேறிவருகின்றது.

அற்றேல், உயிர் அநாதி நித்தமாகலின், மக்களுடம்புகள் எல்லாம் ஒழியினும் உயிர்க்கு வரும் இழிவென்னை எனின், கூறுதும். உயிர் அழியாது என்பது உண்மையே. ஆயின் தனு கரண புவன போகங்கள் மலநோய் தீர்தற்கு இறைவன் தந்த மருந்து. அவற்றுள்ளும் மானுடவுடம்பு, இறைவனை அறிந்து வழிபட்டுக் கரையேறுதற்கு வாய்த்த அரிய தோணி. நோயாளி சாகான் என்று சொல்லி, அவன் மருந்தைக் கொட்டிக் கவிழ்ப்பானை யாரும் நல்லன் என்னார். இனி வரும் உயிர்களின் தோணியை உடைப்பதே இப்பாவத்தின் தன்மை.

ஆகவே, மன்பதை அழிந்தே தீரும் என்பதும் சித்தாந்தமன்று. ஒருகாலும் அழியாது என்பதும் சித்தாந்தமன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பிற்று. ஆணவத்தைச் சாரின் அணுகுண்டும் நச்சாறும் விளையும். அருளைச் சாரின் அக்கைகளே குளத்தைத் தூர்வாரும். எதனைச் சார்வது என்பது இன்று நம்பால் விடப்பட்டுள்ளது. ஊழின்மேற் பழிபோட்டு உறங்குதலும் ஒரு வினையே. அதன் பயனும் நம்மையே வந்தடையும். மடங்களிலும் கழகங்களிலும் வினையியலைப் பாடஞ் சொல்லும் பெரியோர், இதனை மாணாக்கர்க்கு உணர்த்துவாராக.

திருச்சிற்றம்பலம்.