அறியாவினா

வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்துக் காட்டினார் நன்னூலார். முதலாவதாகிய அறிவினாவுக்கு இலக்கண வகுப்பில் நாம் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு, ‘இச்செய்யுளின் பொருள் யாது?’ என்று ஆசிரியர் மாணவனிடம் கேட்பது. விடை தமக்குத் தெரிந்திருந்தும், மற்றவனுக்குத் தெரியுமா என்று அளந்து பார்க்கும் வினா அது. அதே வாக்கியத்தை மாணவன் ஆசிரியரிடம் கேட்டால் அறியாவினா. சொல் ஒன்றே, கேட்பவனின் நிலைதான் வேறு. நமது பாடசாலைகளில் முன்னது நாள்தோறும் ஒலிக்கின்றது. பின்னது ஒரு தவணையில் எத்தனை முறை ஒலிக்கின்றது என்பதை ஆசிரிய நண்பர்கள் தத்தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கலாம்.

தேடிக் கற்றல் என்பது இன்று பெரிதாகப் பேசப்படுகின்றது. இலங்கைக்கு இது புதிதன்று. 2007ஆம் ஆண்டின் பாடவிதானச் சீர்திருத்தம் ஐந்து ‘ஈ’ என்னும் முறையைக் கொணர்ந்தது. ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என்று படிகள் வகுக்கப்பட்டன. நோக்கம் நன்று. ஆயினும் மாணவர் ஆராயவேண்டிய வினாவும், கலந்துரையாடலின் முடிவில் வெளிப்படவேண்டிய கருத்துகளும் ஆசிரியர் வழிகாட்டியிலே முன்கூட்டியே அச்சாகியிருந்தன. ஒளித்து வைத்தவனே தேடச் சொல்வது விளையாட்டாகலாம், ஆராய்ச்சி ஆகாது.

எனவே, எவ்வாறு தொடங்குவது என்பது வெறும் முறை பற்றிய வினாவன்று. விடை தனக்கே தெரியாத வினாவை வகுப்பறைக்குள் அனுமதிக்க ஆசிரியனுக்கு மனம் உண்டா? அனுமதித்தால், அது செல்லுமிடமெல்லாம் உடன்செல்ல அவன் கடமைப்பட்டவனா? அடியிற் கிடக்கும் அறவினா இதுவே.

இம்முறைக்கு மூலவராகச் சோக்கிரட்டீசைச் சுட்டுவது வழக்கம். பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில், சதுரமொன்றைப் பரப்பில் இரட்டிப்பாக்கும் வழியை ஓர் அடிமைச் சிறுவன் கண்டறிகின்றான். பக்கத்தை இரட்டித்தால் போதும் என்கிறான், தவறு. ஒன்றரை மடங்கு என்கிறான், அதுவும் தவறு. இறுதியில் மூலைவிட்டத்தின் மீது அமையும் சதுரத்தை வந்தடைகின்றான். அழகிய காட்சிதான். ஆனால் அங்கே வினாக்கள் யாவும் சோக்கிரட்டீசுடையவை. சிறுவன் ஆமென்றும் இல்லையென்றும் சொல்லியே பெரும்பாலும் முன்னேறுகின்றான். கணிதம் அறிந்த பின்னும் அவன் மெனோவின் அடிமையே. ‘நான் ஏன் அடிமையாய் இருக்கின்றேன்?’ என்று அவன் கேட்கவில்லை. கேட்கும்படி எவரும் அவனைத் தூண்டவுமில்லை. வினாவின் எல்லையை ஆசிரியனே வரைந்துவிட்டால், மாணவனின் திறமை வளரலாம். அவன் நிலை மாறுவதில்லை.

இதனை மட்டக்குளியில் வைத்துப் பார்ப்போம். களனி ஆறு கடலிற் கலக்குமிடம் எமது பகுதி. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகளிற் பெரும்பகுதி கடலிற் கலந்து, மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியது. அந்த நினைவு மாணவரிடம் மங்கவில்லை. காக்கைத்தீவுக் கரையில் கயிற்றால் ஒரு சதுர மீற்றரை அளந்து, மேல்மணலை அரிதட்டில் அரித்து, கிடைத்தவற்றை எண்ணுவது என்று வகுப்பில் முடிவாயிற்று. எண்ணத் தொடங்கியவுடனேயே சண்டை. உதிர்ந்த ரெஜிபோம் துகளைச் சேர்ப்பதா? போத்தல் மூடியின் உடைசல் ஒன்றா, மூன்றா? அரை மணிநேரம் வாதிட்டு, எதனை எண்ணுவது என்பதற்குத் தாங்களே ஒரு வரையறை எழுதினர். எந்தப் பாடநூலும் அந்த அரை மணிநேரத்தைத் தந்திராது என்பது என் துணிபு.

கப்பலே காரணம் என்று எண்ணிச் சென்றவர்களுக்கு மணிகளை விடச் சொப்பின் பைகளும் போத்தல்களுமே மிகுதியாய்க் கிடைத்தன. அப்படியானால் ஆறு கொண்டுவந்ததா? யார் போட்டது? நாமா? அவ்வேளையில் ஒரு மாணவி கேட்டாள்: ‘சேர், எங்கட ஒழுங்கைக்குக் குப்பை லொறி வாறதில்லை. அப்ப நாங்கள் எங்க கொண்டுபோய்ப் போடுறது?’

விஞ்ஞானத்தில் தொடங்கிய வினா நகரத்தின் ஆட்சிக்குள் நுழைந்துவிட்டது. ‘அது பாடத்துக்கு வெளியே’ என்று சொல்லிவிடுவது எளிது. சொல்லும் ஆசிரியன், தேடிக் கற்றலைத் தொடங்கிய கையோடு அதனைக் கொல்கின்றான். இது மிகையன்று. மீதொட்டமுல்லையில் மலையாய்க் குவிந்த குப்பையைப் பற்றி அங்கு வாழ்ந்தோர் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தனர். 2017 ஏப்ரல் 14ஆம் நாள் அது சரிந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அறியாவினாவைச் செவிமடுக்கப் பழகாத சமூகம் எத்தகைய விலை கொடுக்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மறுப்பு ஒன்று உண்டு; அதை அலட்சியம் செய்தலாகாது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குச் சாதாரணதரப் பரீட்சையே ஏணி. மணல் அரிக்கும் நேரத்தில் கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்திருக்கலாமே என்று பெற்றோர் கேட்கின்றனர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளைக்கு மேல் நான் எடுப்பதில்லை. ஆனால் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு உணவு மேசையிலேயே வினா எழுப்பவும், விடை சொல்லக்கூடியவரைத் தொலைபேசியில் அழைக்கவும் வாய்ப்புண்டு. மட்டக்குளிப் பிள்ளைக்கு அந்த இடம் வகுப்பறை ஒன்றே. 1945இல் இலவசக் கல்வி கதவைத் திறந்தது. உள்ளே வந்தவன் வாயைத் திறக்கலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பயிற்சித்தாளை மட்டும் அவனிடம் நீட்டினால், கேட்பவர் ஒரு வகுப்பார், விடையளிப்பவர் மறு வகுப்பார் என்ற பிரிவினையை நாமே நிலைநிறுத்துகிறோம்.

அந்த மாணவியின் வினாவுக்கு ‘எனக்குத் தெரியாது, யாருக்குத் தெரியும் என்று பார்ப்போம்’ என்பதே என் விடையாயிற்று. வகுப்பார் தம் எண்ணிக்கையையும் வரையறையையும் இணைத்து, உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினர். இரு தவணை கழிந்தும் பதில் வரவில்லை. கரும்பலகையின் ஓரத்தில், அழிக்கக் கூடாதென்று கட்டமிட்ட பகுதியில், இப்போது இரண்டாவது வினா எழுதப்பட்டிருக்கின்றது: பதில் எழுதவேண்டியவர் யார்?