மறுபடியும் துடைத்தார்

அந்த அம்மாள் மறுபடியும் துடைத்தார். நடந்தது அவ்வளவுதான். ஆண்டுகள் சில போய்விட்டன. அந்தக் கை இன்னும் என்னை விடவில்லை.

பெர்லினில் ஒரு நவம்பர் 9. நகரத்தின் நடுப்பகுதியை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தேன். பிராண்டன்பர்க் வாயிலில் தொடக்கம். உண்டர் டென் லிண்டன் சாலையில் ஒன்றரை கிலோமீட்டர். வழியில் பேபல்பிளாட்ஸ் சதுக்கம். பிறகு அருங்காட்சியகத் தீவு, ஹாக்கெஷர் மார்க்ட். கடைசியாக ஓரானியன்பர்கர் தெருவில் 1866-இல் திறக்கப்பட்ட யூதத் தொழுகைக் கூடம். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே இத்தனை நிமிடம் என்று எழுதியிருந்தேன். நவம்பரில் அங்கே நாலரைக்குள் இருட்டிவிடும். வெளிச்சம் போவதற்குள் அந்தப் பொன் வேய்ந்த குவிமாடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்.

ஒரு பக்கத்துத் தெருவில், குடியிருப்பு ஒன்றின் வாசலில், வயதான அம்மாள் ஒருவர் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி. கையில் மஞ்சள் துணி. நடைபாதையில் பதித்திருந்த, பித்தளைத் தகடு போர்த்திய இரண்டு சிறு கற்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். என் கண் கைப்பேசியின் வரைபடத்தில் இருந்தது. துலக்கி முடித்திருந்த கல்லின் மேல் என் செருப்புக்கால் விழுந்தது. அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். காலை எடுத்தபோது 1934 என்ற எண் மட்டும் கண்ணில் பட்டது. தெரிந்த ஜெர்மன் சொல்லில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தேன். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அதே கல்லை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். குவிமாடத்தை 20 நிமிடம் பார்த்தேன். இன்று நினைத்தால் அதன் வடிவம்கூடச் சரியாக நினைவில் இல்லை.

அந்தக் கற்களுக்கு ஷ்டோல்பர்ஷ்டைன் என்று பெயர். இடறு கல் என்று பொருள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். பத்து சென்டிமீட்டர் சதுரம்; மேலே பித்தளைத் தகடு; அதில் ஒவ்வோர் எழுத்தும் கையால் அடித்துப் பதித்தது. நாஜிகள் கொண்டுபோனவர்கள் கடைசியாகத் தம் விருப்பப்படி குடியிருந்த வீட்டின் முன்னால் அதைப் பதிக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று பெரும்பாலும் தொடங்கும். பிறகு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், கொன்ற இடம். 2023-இல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. 1938-இல் யூதர்களின் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் அடித்து நொறுக்கிய நவம்பர் 9 இரவின் நினைவாக, ஆண்டுதோறும் அந்த நாளில் அக்கம்பக்கத்தார் வந்து கற்களைத் துலக்குகிறார்கள். இதெல்லாம் அன்றிரவு விடுதியில் படித்துத் தெரிந்துகொண்டது. ஒரு மாதம் திட்டம் போட்டவன், அந்த நாள் என்ன நாள் என்று பார்த்திருக்கவில்லை.

1934 என் அப்பா பிறந்த ஆண்டு. அந்தக் கல்லுக்குரியது ஆணா பெண்ணா, எனக்குத் தெரியாது. கொண்டுபோனபோது வயது பதினொன்றைத் தாண்டியிருக்காது என்பது மட்டும் கணக்குப் போட்டால் தெரிகிறது.

அன்று மதியம் நடந்த இன்னொன்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பேபல்பிளாட்ஸில்தான் 1933 மே 10 இரவு புத்தகங்களை எரித்தார்கள். இன்று அங்கே தரையில் ஒரு கண்ணாடி. அதன் கீழே, 20,000 புத்தகங்கள் கொள்ளும் வெள்ளை அலமாரிகள் காலியாக நிற்கின்றன. மிஹா உல்மன் 1995-இல் அமைத்த நினைவிடம். பலர் அந்தக் கண்ணாடியின் மேலேயே நின்று பார்த்தார்கள். நான் ஓரமாகச் சுற்றிப்போய்க் குனிந்து பார்த்தேன். இல்லாத புத்தகத்தின் மேலும் என் கால் படாது. அப்படி வளர்த்தவள் ஆச்சி. அதே கால் இரண்டு மணி நேரத்தில் ஒரு பெயரை மிதித்தது.

திருநெல்வேலியில் ஆச்சி வீட்டில் பழைய செய்தித்தாளில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். “எழுத்துல்லா அது, சரஸ்வதி” என்பாள். ஆனால் விடியுமுன்னே எழுந்து அத்தனை புள்ளி வைத்து, சிக்குக் கோடு இழுத்து அவள் போட்ட கோலத்தை ஒருநாள் நான் ஓடிப்போய்க் கலைத்துவிட்டேன். அழுகையோடு நின்றேன். “மிதிக்கத்தானலே போடுதேன்” என்றாள். எறும்பு தின்னவும் கால் மிதிக்கவும்தான் அது. ஒரே வீடு, ஒரே வாசல், இரண்டு நியாயம். நான் அவளிடம் விளக்கம் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் நடையில், கற்பலகையில் விழுந்து கும்பிடும் ஓர் உருவம் செதுக்கியிருக்கும். வருகிற அடியார் எல்லாரும் தன்னை மிதித்துப் போகட்டும் என்று யாரோ எப்போதோ வைத்தது. மூக்கும் விரலும் தேய்ந்து வழவழத்துவிட்டன. வேங்கடத்தில் படியாகக் கிடக்க வேண்டும் என்று விரும்பிய குலசேகர ஆழ்வாரைப் பற்றிப் பள்ளிக்கூடக் காலத்தில் எதிலோ படித்ததும் அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. மிதிபடுவதும் ஒரு பேறு என்று நம் ஆட்கள் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் கேட்டு வாங்கியது அது. 1934-இல் பிறந்த அந்தக் குழந்தை யாரையும் கேட்கவில்லை. மிதிபட்டே மாண்ட ஒருவரின் பெயரை மறுபடியும் காலடியில் வைக்கலாமா? இதைக் கேட்டவர் சார்லொட்டே க்னோப்லோக். சிறுமியாக ஒளித்து வைக்கப்பட்டு உயிர் பிழைத்தவர்; மியூனிக் யூதச் சமூகத்தின் தலைவர். அந்த நகரசபை 2004-இலும் 2015-இலும் பொதுத் தெருக்களில் இந்தக் கற்கள் வேண்டாமென்றே முடிவெடுத்தது. அங்கே பெயர்கள் சுவரிலும் தூணிலும், கண் மட்டத்தில் இருக்கின்றன. டெம்னிக்கின் பதில் வேறு: பெயரைப் படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும், குனிவதே வணக்கம். கற்கள் வேண்டும் என்று கேட்ட குடும்பங்களும் உண்டு, வேண்டாமென்ற குடும்பங்களும் உண்டு. ஒரு பக்கத்தைப் படித்தால் அந்தப் பக்கம் சரியாகத் தோன்றுகிறது. மறுபக்கத்துக்குப் போனால் அதுவும் அப்படியே.

மறுநாள் திட்டத்தைத் திருத்த உட்கார்ந்தேன். கற்கள் இருக்கும் வாசல்களின் பட்டியல் கிடைக்கிறது. வரிசையாகப் போய்ப் பார்க்கலாம். பேனாவை எடுத்தவன் வைத்துவிட்டேன். இடறுவதற்கு நேரம் குறித்துப் போனால் அது இடறுவதாகுமா? பால் வாங்கப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் கடக்கிற வழியில் இருப்பதுதானே அந்தக் கல்லின் பொருள். சரி, திட்டமே வேண்டாம் என்று விடவும் முடியவில்லை. திட்டம் இல்லாவிட்டால் பேபல்பிளாட்ஸின் தரையில் கண்ணாடி இருப்பதையே தெரியாமல் கடந்திருப்பேன். கடைசியில் மதியத்துக்குமேல் எதுவும் எழுதாமல் விட்டேன். நேற்றைய தெருவைத் தேடிப் போனேன். அந்த வாசல் அகப்படவில்லை. வேறு வாசல்களில் குனிந்து சில பெயர்களைப் படித்தேன். அந்தக் கல் இல்லை.

என் செருப்பின் அழுக்குக்காகத்தான் மறுபடியும் துடைத்தாரா, அல்லது அது அவருடைய வேலையின் தொடர்ச்சி மட்டும்தானா? திட்டமிட்டு நடந்தது தப்பா, நடக்கும்போது பார்க்காதது தப்பா? என் கால் அங்கே எழுத்தை மிதித்ததா, கோலத்தை மிதித்ததா? ஆச்சி இருந்தால் கேட்டிருக்கலாம். இரண்டில் எந்த நியாயத்தைச் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.